கார்த்திகை விளக்கும் காவலூர் இருட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஆண்டுக்கு நான்கு பருவம் என்று பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு, "சார், நம்ம ஊருக்கு இலையுதிர் காலம் எப்ப வரும்?" என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். நம் பக்கத்தில் இது இலை உதிரும் காலம் இல்லை, வாடையும் வடகிழக்கு மழையும் சேர்ந்து வரும் காலம். ஆலங்காயத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜவ்வாது மலை மேகத்துக்குள் போய்விட்டால் கூதிர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நம் ஊரைச் சுற்றி எல்லைகள் பலமுறை மாறியிருக்கின்றன. திருப்பத்தூர் வட்டம் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பிறகு வட ஆர்க்காட்டுக்கு வந்தது. 1989இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர் மாவட்டம் உருவானது. இத்தனைக்கும் நடுவில் மலைக்கும் ஊருக்கும் இருந்த உறவு அப்படியே தொடர்ந்தது. மலையாளி மக்கள் சாமை, புளி, தேன், கடுக்காய் கொண்டு இறங்குவார்கள். உப்பு, துணி, மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள்.

இந்தப் பருவத்தின் பெரிய நாள் கார்த்திகை தீபம். முழுநிலவு கார்த்திகை மீன்கூட்டத்தின் அருகே வருகிற மாதம் என்பதால்தான் மாதத்துக்கே அந்தப் பெயர். பொழுது சாய்ந்ததும் அந்த மீன்கூட்டம் கிழக்கே எழும்பும். வீட்டு வாசலில் அகல் ஏற்றுவார்கள், கோயில் முன்னால் சொக்கப்பனை கொளுத்துவார்கள். பையன்களுக்கு மாவளிதான் திருவிழா. பனம்பூவைக் குழியில் போட்டு மூடி, மூச்சடைக்க எரித்துக் கரியாக்கி, இடித்துத் துணியில் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்குள் வைத்துக் கட்டுவார்கள். நுனியில் நெருப்பு வைத்துக் கயிற்றைப் பிடித்துச் சுற்றினால் பொறி வட்டமாகப் பறக்கும். பத்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால்தான் ஆகிற வேலை அது. பனம்பூ ஒருவன் கொண்டுவர வேண்டும், இடிக்க ஒருவன், துணிக்கு ஒருவன். தெரு இருட்டாக இருந்தால்தான் அதற்கு அழகு.

அந்த இருட்டைத் தேடித்தான் இந்திய வானியல் நம் மலைக்கு வந்தது. அந்தக் கதை நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி வான்காணகம் கட்டியது. 1899இல் அந்தப் பணி கொடைக்கானலுக்குப் போனது. அங்கே முக்கிய வேலை சூரிய ஆய்வு. 1960இல் அதன் இயக்குநராக வந்த வைணு பாப்பு, இரவு வானத்தைப் பார்க்க வேறு இடம் தேடினார். நகர வெளிச்சம் எட்டக்கூடாது; தென்வானமும் நன்றாகத் தெரிகிற அளவுக்குத் தெற்கே இருக்க வேண்டும். ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூர் அவர் கண்ணில் பட்டது.

1968இல் கொடைக்கானலிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்திலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரிந்தது. அமெரிக்க அறிஞர்கள் விமானத்தில் பறந்தபடி கண்டுபிடித்தார்கள். அதே நிகழ்வு நம் காவலூரிலும் பதிவானது. 1988 பிப்ரவரியில் ராஜமோகன் குழுவினர் இங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது.

இந்தியாவிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி பாப்புவின் கனவு. அது முடிவதற்குள், 1982இல் அவர் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி வந்து, வான்காணகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

கூதிர் காலத்தில் அங்கே வேலை குறைவு. மேகம் விடாது. மழை ஓய்ந்து, தை பிறந்த பிறகுதான் வானம் நன்றாகத் திறக்கும். ஆனால் மழை விட்ட ஒன்றிரண்டு கூதிர் இரவுகளில், தூசியெல்லாம் கழுவப்பட்ட வானம் போல வேறெந்த மாதத்திலும் பார்க்க முடியாது. அடிவாரத்திலிருந்தே கார்த்திகை மீன்களை ஆறு என்று எண்ணலாம். வகுப்புப் பிள்ளைகளிடம் எண்ணி வரச் சொல்வேன். நான்கு என்பான் ஒருவன், ஏழு என்பாள் ஒருத்தி. மறுநாள் வகுப்பில் அதுதான் சண்டை.

இப்போது எண்ணச் சொன்னால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கத்து வானம் இரவெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. நம் ஊரிலும் எல்.இ.டி. விளக்குகள் கண் கூசுகின்றன.

நான் விளக்குக்கு எதிரி இல்லை. பாம்பு நடமாடும் மழைக்காலத்தில், வேலை முடித்து இரவில் திரும்பும் பெண்களுக்குத் தெருவிளக்கு கட்டாயம் வேண்டும். மலைக் கிராமத்துக்கு மின்சாரம் எத்தனை தாமதமாக வந்தது என்று அறிந்தவன் எவனும் இருட்டைப் புகழ்ந்து பேச மாட்டான். நான் சொல்வது வேறு. தெருவுக்கு வேண்டிய வெளிச்சம் தெருவில் விழ வேண்டும். மேலே மூடி போட்டு, கீழ்நோக்கித் திருப்பி, வெள்ளைக்குப் பதில் இளமஞ்சள் விளக்கு போட்டால் நடக்கிறவருக்கும் கண் கூசாது, வானமும் மிஞ்சும். மேலே போகிற வெளிச்சத்துக்கும் நாம்தான் கட்டணம் கட்டுகிறோம்.

காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம் லடாக்கில் ஹான்லேயிலும் தொலைநோக்கி வைத்திருக்கிறது. 2022இல் ஹான்லே நாட்டின் முதல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கிராமத்து மக்களே பயிற்சி பெற்று, வருகிறவர்களுக்கு வானம் காட்டுகிறார்கள். வீட்டில் தங்க இடம் கொடுத்து வருமானமும் பார்க்கிறார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேலாகத் தொலைநோக்கி வைத்திருக்கும் மலை நம்முடையது. புதூர்நாட்டுப் பிள்ளையோ ஆலங்காயத்துப் பிள்ளையோ அந்த வேலையைச் செய்ய முடியாதா?

உள்ளாட்சியில் இருக்கும் என் பழைய மாணவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த முறை தெருவிளக்கு மாற்றும்போது மூடியுள்ள விளக்கு கேளுங்கள். மற்றவர்கள், இந்தத் தீபத்தன்று அகல் ஏற்றிய பிறகு வாசல் மின்விளக்கை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு கிழக்கே பாருங்கள். முழுநிலவு நாளில் அந்த மீன்கள் மங்கலாகத்தான் தெரியும். நாலைந்து நாள் கழித்து, நிலா எழும் முன் இன்னொரு முறை பாருங்கள். எத்தனை எண்ணினீர்கள் என்று கீழே எழுதுங்கள்.