மூசைக்குள் நடந்தது

கிள்ளையில் ரயிலேறிக் கடலூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு வெள்ளாற்றைக் கடந்ததும் பரங்கிப்பேட்டை. 1830இல் அங்கே ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது, காட்டு மரக்கரி, ஆங்கிலேய உலை. ஆலை நிலைக்கவில்லை. தோற்றுப்போன தொழில் முயற்சி என்று இதை ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

தென்னாட்டுக் கொல்லர்கள் எஃகு செய்த முறையை ஹீத் 1839இல் ஒரு கட்டுரையில் விவரித்திருக்கிறார். இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் மண் மூசையில் இட்டு, களிமண்ணால் வாயை அடைத்து, துருத்தி ஊதுவார்கள். ஐரோப்பிய முறையில் இரும்பு கரியை ஏற்கப் பல நாட்கள் பிடிக்கும். இங்கே சில மணி நேரம். இந்த வேகம் அவருக்குப் புதிராக இருந்தது.

அதே ஆண்டு இங்கிலாந்தில் அவர் ஒரு பேடண்ட் பெற்றார். உருக்கெஃகில் மாங்கனீஸ் கார்புரெட் சிறிதளவு சேர்ப்பது. இதனால் விலை கூடிய ஸ்வீடன் இரும்பு இல்லாமலே நல்ல எஃகு கிடைத்தது. அந்த எஃகு சாதா இரும்போடு பற்றவும் செய்தது. உயர்ந்த எஃகில் அலகு, மலிந்த இரும்பில் காம்பு என்று கத்தி செய்ய முடிந்தது. உலோகத்தின் குணம் மாறியதும் கத்தியின் அமைப்பும் மாறிற்று. எது முந்தி, எது பிந்தி என்று பிரிப்பது வீண்.

ஆனால் சட்டம் பிரித்தது. பேடண்டில் இருந்தது தயாரான ஒரு பொருளின் பெயர். ஷெஃபீல்டில் ஹீத்தின் முகவராக இருந்த அன்வின், மாங்கனீஸ் ஆக்ஸைடையும் கரிப்பொருளையும் தனித்தனியே மூசையில் போட்டார். கார்புரெட் உள்ளேயே உண்டாயிற்று. வெளியிலிருந்து யாரும் அதைப் போடவில்லை. ஹீத் வழக்காடினார். 1851இல் இறந்துபோனார். 1855இல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் அவர் தரப்புக்குப் பாதகமாகவே வந்தது.

ஹீத்துக்கு நேர்ந்தது அநியாயந்தான். என்றாலும் அன்வின் செய்தது, முறை அளவில், கொல்லர்கள் செய்ததே. வேண்டியவற்றை உள்ளே இட்டு மூடிவிடுவது; சேர்வது மூசைக்குள் சேரட்டும். அதை அருகிருந்து அறிந்த மனிதர், தன் பேடண்டில் மட்டும் மூசையை மறந்து, பொருளை மட்டும் எழுதிவைத்தார்.

உள்ளடக்கத்தை வெளியே தயாரித்துக்கொண்டு உருவத்தில் ஊற்றலாம் என்று நம்மிடையே இன்னும் வாதாடுகிறவர்கள் இந்த வழக்கை யோசிக்கலாம்.

பிறகு மலிந்த சீமை எஃகு இங்கே வந்து இறங்கியது. கரிக்கும் தட்டுப்பாடு. கொல்லர்களின் மூசைகள் அணைந்தன. வழக்காட அவர்களிடம் பேடண்டும் இருக்கவில்லை.