தண்ணீருக்கும் தீக்கும் ஒரு பங்கு

மலருக்கு ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்று செயலாளர் பிடிவாதமாகக் கேட்டுவிட்டார். சட்டென்று ஞாபகம் வந்தது, இறுதியாண்டில் நாங்கள் எடுத்த 'இன்டெலிஜென்ட் பில்டிங்' என்ற விருப்பப் பாடம்தான். வகுப்பு மின்விசிறியே ஒழுங்காகச் சுற்றாது. "முதல்ல இந்த ஃபேனுக்குப் புத்தி வரட்டும் சார்" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வரும்.

சார் பாடத்தை இன்னொரு வாத்தியாரிடமிருந்து ஆரம்பித்தார். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் என்று ஒரு பேராசிரியர். குளிர்காலத்தில் கட்டட ஊழியர் வகுப்பு வகுப்பாக நுழைந்து வெப்பம் பார்ப்பார். பிறகு கீழ்த்தளத்துக்குப் போய்ச் சூட்டைக் கூட்டுவார், குறைப்பார். பாடம் கெடும். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் 1883-இல் அவர் காப்புரிமை பெற்ற மின்சாரத் தெர்மோஸ்டாட். நூறு வருஷம் கழித்து, 1984-இல் ஹார்ட்ஃபோர்டு நகரத்து சிட்டி பிளேஸ் கட்டடம் 'முதல் இன்டெலிஜென்ட் கட்டடம்' என்று பேர் வாங்கியது. பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

அந்தப் பருவத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரத்துக்கு எங்களைக் கூட்டிப் போனார். கூரத்தாழ்வான் பிறந்த ஊர். அவர் மாளிகைக் கதவு சாத்தும் ஓசை காஞ்சிப் பெருமாள் கோயில் வரை கேட்குமாம். "அதுக்கு என்ன சென்சார் சார்?" என்று ஒருவன் கேட்டதற்கு சாரே சிரித்துவிட்டார். ஆனால் அவர் காட்ட வந்தது வேறு: முதலாம் பரமேசுவரவர்மன் காலத்து, 7-ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயில். பின்புறம் வளைந்த தூங்கானை மாட அமைப்பு. மேல்தளம் போய்விட்டது.

கட்டடத்தைவிட அதன் செப்பேடுதான் என்னை அசத்தியது. ஹூல்ஷ் 1890-இல் பதிப்பித்த கூரம் செப்பேடு. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு வாய்க்கால் வெட்டி ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்ததைச் சொல்லிவிட்டு, பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காகப் பிரிக்கிறது. பூசைக்கும் கோயில் பழுதுபார்ப்பதற்கும் 3 பங்கு. மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் கொடுக்க ஒரு பங்கு. அங்கே பாரதம் வாசிக்க ஒரு பங்கு. மிச்சம் 20 பங்கு சதுர்வேதிகளுக்கு.

தண்ணீர், தீ! நாங்கள் ஒரு பருவம் முழுக்கப் படித்ததும் அதைத்தானே? அன்று அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு இதே தொழிலுக்கு வந்தேன். கோடிக் கணக்கில் செலவழித்துக் கன்ட்ரோல் ரூம் வைத்த ஒரு கட்டடம் (பெயர் வேண்டாம்). பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இரண்டே வருஷத்தில் எல்லா சுவிட்சும் 'மேனுவல்'. மானிட்டர் மேலே சாமி படம், ஊதுபத்தி. ஏசி அதிகமானால் வாட்ச்மேன் மாடிக்கு ஓடுகிறார், ஜான்சனுக்கு எரிச்சல் மூட்டிய அதே ஓட்டம். டெண்டரை எடுத்துப் பார்த்தேன்: கருவிக்குப் பக்கம் பக்கமாக விவரம், நடத்துகிறவருக்கு ஒரு வரி கிடையாது.

இப்போது புராஜெக்ட் காட்ட வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, "தண்ணீர்-தீப் பங்கு யாருக்குப்பா?" என்றுதான். முழிப்பார்கள். அடுத்த சந்திப்பின்போது ஒரு வேன் பிடித்து அவர்களையும் கூரத்துக்கு அழைத்துப் போகலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். டீசல் செலவு என்னுடையது.