நீரில் கரைதிறனை அளந்த வரலாறு

கரைதிறன் என்பது குறிப்பிட்ட வெப்பநிலையில் 100 கிராம் கரைப்பானில் கரைந்து தெவிட்டிய கரைசலைத் தரும் கரைபொருளின் அளவு ஆகும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் சமையல் உப்புக்கு இது 36 கிராம் என்று பள்ளி மாணவர் மனப்பாடமாகச் சொல்வர். இந்த 36ஐ அளப்பது எளிய வேலை போலத் தோன்றும். நீரில் உப்பைப் போட்டுக் கலக்கி, மேலும் கரையாத நிலை வந்ததும் வடிகட்டி, வடிநீரை எடைபோட்டு, அதை வற்றக் காய்ச்சி, எஞ்சிய உப்பை மறுபடி எடைபோட்டால் விடை கிடைத்துவிடும். உண்மையில் தராசுக்கு இதில் வேலை குறைவு. மேலும் கரையாத நிலை வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? வடிநீரில் இருப்பது முழுவதும் கரைந்த பொருள்தானா என்பதை எப்படி உறுதிசெய்வது? இந்த இரண்டு கேள்விகளும் சுமார் இருநூறு ஆண்டுகளாக வேதியியலாரை அலைக்கழித்து வந்துள்ளன.

கே-லுசாக்கின் இரு வழிகள்

கரைதிறனை எண்ணால் அளப்பதற்கு வெகுகாலம் முன்பே அதைத் தொழிலில் பயன்படுத்தியவர்கள் இருந்தனர். வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பை, அதாவது பொட்டாசியம் நைட்ரேட்டை, மண்ணிலிருந்து எடுத்துத் தூய்மை செய்தவர்கள் அவர்கள். பீகாரிலிருந்து ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்ற சரக்கு அது. வெடியுப்போடு சமையல் உப்பும் கலந்தே கிடைக்கும். கரைசலைக் கொதிக்கவைத்து வற்றச் செய்தால் சமையல் உப்பு அடியில் தங்கும்; மேல்நீரை இறுத்து ஆறவிட்டால் வெடியுப்பு ஊசி ஊசியாகப் படிகமாகும். காரணம் எண்களில் தெரிகிறது. 100 கிராம் நீரில் வெடியுப்பு 0 டிகிரியில் சுமார் 13 கிராமும் 100 டிகிரியில் 240 கிராமுக்கு மேலும் கரையும். சமையல் உப்போ அதே இடைவெளியில் 36 கிராமிலிருந்து 39 கிராமுக்குத்தான் ஏறுகிறது. தொழிலாளர்களுக்கு இந்த எண்கள் தெரியாது, பலன் தெரியும்.

எண்களை முறையாகத் தேடியவர் பிரான்ஸ் நாட்டின் ஜோசப் லூயி கே-லுசாக். வாயுக்கள் பற்றிய விதியால் மாணவர்கள் அறிந்த அதே பெயர்தான். 1819இல் அவர் நீரில் உப்புகளின் கரைதிறன் குறித்த தம் முதல் ஆய்வுரையை வெளியிட்டார். அதில் உள்ள முறை இன்றும் பாடமாகச் சொல்லத் தக்கது. தெவிட்டிய கரைசலை அவர் இரு வழிகளில் செய்தார். ஒன்று, நீரையும் உப்பையும் சூடாக்கி, வேண்டிய வெப்பநிலைக்குக் குளிரவிடுவது. மற்றது, குளிர்ந்த நீரில் மிகுதியான உப்பைப் போட்டு, மெல்ல மெல்ல அதே வெப்பநிலைக்கு ஏற்றுவது. இரண்டிலும் இறுதி வெப்பநிலையில் இரண்டு மணி நேரமாவது வைத்திருந்து அடிக்கடி கலக்க வேண்டும் என்றார். இரு வழிகளும் ஒரே விடையைத் தந்தன.

இதில் உள்ள நுட்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு வழியில் நீர் தன் அளவுக்கு மேல் உப்பை வைத்துக்கொண்டு தொடங்கி, மிகுதியைக் கைவிட்டுக் கீழே இறங்குகிறது. மற்றதில் வெறும் நீரிலிருந்து மேலே ஏறுகிறது. மேலிருந்து வருவதும் கீழிருந்து வருவதும் ஒரே இடத்தில் நின்றால்தான் அந்த இடம் உண்மையான எல்லை. ஒரே பக்கத்திலிருந்து வந்து நின்றால், அது எல்லையா அல்லது பாதி வழியில் அலுத்து நின்றதா என்று சொல்ல முடியாது. சமநிலை என்ற கருத்து வேதியியலில் உருப்பெறுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, அதைச் சோதிக்கும் முறை இங்கே வந்துவிட்டது.

கரைசலை வற்றவைக்கும்போது துளிகள் தெறித்து வீணாகாமல் இருக்க நீண்ட கழுத்துடைய கண்ணாடிக் குடுவையைச் சாய்த்து வைத்துக் காய்ச்சினார். கிடைத்த அளவுகளை வெப்பநிலைக்கு எதிரே புள்ளிகளாக வைத்துக் கோடு வரைந்தார். பாடநூல்களில் இன்று காணும் கரைதிறன் வளைகோடுகளின் முன்னோடி அது.

கிளாபர் உப்பின் புதிர்

அந்த வளைகோடுகளில் ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. அது சோடியம் சல்பேட்டின் கோடு. பதினேழாம் நூற்றாண்டில் ஜோஹான் ருடால்ஃப் கிளாபர் தயாரித்து 'அற்புத உப்பு' என்று பெயரிட்ட பொருள் இது. பேதி மருந்தாக நெடுங்காலம் புழங்கியது. சூடு ஏற ஏறக் கரைதிறனும் ஏறும் என்பதே அன்றைய பொதுவான எண்ணம். சோடியம் சல்பேட்டும் அப்படித்தான் ஏறியது. அதுவும் மிக வேகமாக. நீரற்ற உப்பாகக் கணக்கிட்டால் 100 கிராம் நீருக்கு 0 டிகிரியில் சுமார் 5 கிராம், 20 டிகிரியில் 19.5, 30 டிகிரியில் 41 கிராம். ஆனால் 33 டிகிரியை ஒட்டிக் கோடு சட்டென்று முறிந்து, அதன்பின் இறங்கத் தொடங்கியது. 100 டிகிரியில் கரைவது சுமார் 42.5 கிராம்தான்.

அளவில் பிழை இல்லை. பிழை கேள்வியில் இருந்தது. முறிவுக்குக் கீழே பாத்திரத்தின் அடியில் கிடப்பது பத்து மூலக்கூறு படிகநீர் கொண்ட சோடியம் சல்பேட். முறிவுக்கு மேலே கிடப்பது படிகநீர் இல்லாத சோடியம் சல்பேட். இரண்டு வெவ்வேறு திண்மங்கள். ஆகவே இரண்டு வெவ்வேறு கரைதிறன்கள். ஒரே கோடாகத் தெரிந்தது, சந்திக்கும் இரு கோடுகள். 1850களில் ஆன்றி லோவல் மூன்றாவதாக ஏழு மூலக்கூறு படிகநீர் கொண்ட வடிவம் ஒன்றும் இருப்பதைக் காட்டி, அதன் கரைதிறனையும் தனியே அளந்தார். 20 டிகிரியில் அது மற்றப் படிகத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் கரைகிறது. ஆகவே 'சோடியம் சல்பேட்டின் கரைதிறன் என்ன' என்று கேட்டால் விடை சொல்ல இயலாது. அடியில் கிடப்பது எந்தப் படிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல பாடநூல்கள் இன்றும் இதைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றன.

இந்த முறிவு பின்னாளில் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. 1898இல் அமெரிக்க வேதியியலாளர் தியோடர் ரிச்சர்ட்ஸ், முறிவு நிகழும் 32.38 டிகிரியை வெப்பமானிகளைச் சரிபார்க்கும் நிலைப்புள்ளியாகக் கொள்ளலாம் என்று காட்டினார்.

'கரையாத' வெள்ளி குளோரைடு

கிராம் கணக்கில் கரையும் உப்புகளுக்குத் தராசு போதும். வெள்ளி குளோரைடு போன்றவை நீரில் கரையாதவை என்றே வகுப்பில் கற்பிக்கப்படுகிறது. முற்றிலும் கரையாதது என்று எந்தப் பொருளும் இல்லை. ஆனால் ஒரு லிட்டர் நீரை வற்றவைத்து 2 மில்லிகிராம் திண்மத்தைத் தேடினால், கண்ணாடியிலிருந்து கரைந்துவந்த அழுக்கே அதைவிட மிகுதியாக இருக்கலாம்.

1893இல் ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் கோல்ராஷும் உடனாய்வாளர் ரோஸும் தராசைக் கைவிட்டு மின்சாரத்தைக் கையில் எடுத்தனர். உப்பு கரைந்தால் அயனிகள் பிரியும். அயனிகள் பெருகினால் நீரின் மின்கடத்துதிறன் உயரும். தூய நீரின் கடத்துதிறனைக் கழித்தால் எஞ்சுவது உப்பினுடையது. இதற்கு நீர் மிகமிகத் தூயதாக இருக்க வேண்டும். காற்றிலிருந்து கரையும் கார்பன் டைஆக்சைடுகூடக் கணக்கைக் கெடுத்துவிடும். அடுத்த ஆண்டே கோல்ராஷ் வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து மிகத் தூய நீரைத் தயாரித்தார். வெள்ளி குளோரைடு 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.9 மில்லிகிராமும், பேரியம் சல்பேட் 2.4 மில்லிகிராமும் கரைகின்றன என்பது இன்றைய மதிப்பு.

இந்தச் சொற்ப அளவுக்கு ஏன் இத்தனை பாடு? அந்நாளில் தனிமங்களின் அணு எடைகள் வெள்ளி குளோரைடு வீழ்படிவை எடைபோட்டே பெரும்பாலும் கணக்கிடப்பட்டன. ஒரு கிராம் வீழ்படிவை ஒரு லிட்டர் நீரில் கழுவினால், ஆயிரத்தில் இரண்டு பங்கு கழுவுநீரோடு போய்விடும். பெல்ஜியத்தின் ழான் ஸ்டாஸ் தந்த அணு எடைகள் அசைக்க முடியாதவை என்று பல ஆண்டுகள் மதிக்கப்பட்டன. ரிச்சர்ட்ஸ் கழுவுநீரைச் சும்மா விடவில்லை. அதில் எஞ்சிய வெள்ளி குளோரைடை மெல்லிய கலங்கலாக மாற்றி, அது சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு அளக்கும் கலங்கல்மானியை உருவாக்கினார். 1905இல் அவரும் வெல்ஸும் சோடியத்தின் அணு எடையை 23.05இலிருந்து 23.008 ஆகத் திருத்தினர். கரைந்துபோன பங்கையும் அளந்து கணக்கில் சேர்த்தே இந்த மதிப்பு பெறப்பட்டது. இன்றைய மதிப்பு 22.990.

அதே காலத்தில் இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. மிக நுண்ணிய பொடி பெரிய படிகத்தைவிடச் சற்று மிகுதியாகக் கரையும் என்பதை 1900இல் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டும், 1901இல் ஜிப்சத்தையும் பேரியம் சல்பேட்டையும் கொண்டு ஹூலெட்டும் எடுத்துக்காட்டினர். அப்படியானால் துகளின் அளவையும் குறித்தாக வேண்டும்.

டி.டி.டி. தந்த பாடம்

டி.டி.டி.யை 1874இல் ஓட்மர் ஸெய்ட்லர் முதலில் தயாரித்தார். 1939இல் பால் முல்லர் அதன் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்து, 1948இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1953இல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தில் வீட்டுச் சுவர்களில் தெளிக்கப்பட்டதும் இதுவே. 'நீரில் கரையாதது' என்பதே அதன் பெருமைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. மழையில் கழுவிப் போகாமல் நீடித்து நிற்கும் அல்லவா?

எவ்வளவு கரையாதது என்று அளக்கப் போனபோதுதான் பழைய இரு கேள்விகளும் பூதாகாரமாக எழுந்தன. டி.டி.டி. துகள்கள் நீரில் மிக நுண்ணியதாக மிதக்கும். கண்ணுக்குக் கரைசல் போலவே தெரியும். வடிதாளில் இட்டால், துகள்கள் கீழே நழுவும். கரைந்த மூலக்கூறுகளோ வடிதாளிலேயே ஒட்டிக்கொள்ளும். பாத்திரத்தின் கண்ணாடிச் சுவரும் அதைப் பிடித்துக்கொள்ளும். நீர் ஆவியாகும்போது கூடவே டி.டி.டி.யும் கிளம்பிப் போவதை 1963இல் ஒரு ஆய்வு காட்டியது. ஒரு பிழை அளவைக் கூட்டும், மற்றொன்று குறைக்கும்.

1955இல் பாபர்ஸ் கதிரியக்க முறையில் அளந்து, 25 டிகிரியில் லிட்டருக்கு 37.4 மைக்ரோகிராம் என்றார். 1960இல் பவ்மன், அக்ரீ, கார்பெட் ஆகிய மூவரும் கதிரியக்க கார்பன்-14 சேர்த்த டி.டி.டி.யை எடுத்து, மிதக்கும் துகள்களை மையவிலக்கில் சுழற்றி நீக்கி அளந்தபோது கிடைத்தது 1.2 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் குறைவு. அதே பொருள், அதே வெப்பநிலை, முப்பது மடங்கு வேறுபாடு! ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் குளத்தில் கரைந்திருக்கக் கூடியது முதல் கணக்கில் 3.74 கிராம்; இரண்டாவதில் 0.12 கிராம். பொருள் எவ்வளவு நீரில் தங்கும், எவ்வளவு சேற்றிலும் மீனின் கொழுப்பிலும் போய்ச் சேரும் என்பதைக் கணிக்கும் சமன்பாடுகளில் இந்த எண்தான் நுழைகிறது. குறைந்த அளவே சரி என்று கொண்டாலும், ஒரு லிட்டர் நீரில் சுமார் இருபது கோடி கோடி டி.டி.டி. மூலக்கூறுகள் இருக்கும். 'கரையாதது' என்ற சொல் மறைத்தது இதைத்தான்.

துகள்களின் தொல்லைக்கு நல்ல தீர்வு ஒன்று 1978இல் வந்தது. அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் மே, வாசிக், ஃப்ரீமன் ஆகியோர் பொருளை நீரில் கலக்குவதையே நிறுத்தினர். நுண்ணிய கண்ணாடி மணிகளின் மேல் பொருளை மெல்லிய பூச்சாகப் பூசி, அவற்றைக் குழாயில் அடைத்து, அதன் வழியே நீரை மெதுவாகச் செலுத்தினர். கலக்கல் இல்லாததால் துகள் கிளம்புவதில்லை. வெளிவரும் நீர் தெவிட்டிய கரைசலாகவே வந்து நேராக அளவிடும் கருவிக்குள் செல்கிறது. நீரின் வேகத்தை மாற்றியும் விடை மாறாவிட்டால் சமநிலை எட்டப்பட்டது என்று பொருள்.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 1981இல் வெளியிட்டு 1995இல் திருத்திய 105ஆம் சோதனை வழிகாட்டி, லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கரைபவற்றுக்குக் குழாய் முறையையும், அதற்கு மேல் கரைபவற்றுக்குக் குடுவை முறையையும் விதிக்கிறது. குடுவை முறையில் மூன்று பாத்திரங்களை 30 டிகிரியில் குலுக்கி, முறையே ஒன்று, இரண்டு, மூன்று நாட்களுக்குப் பின் சோதனை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து ஒரு நாள் வைத்து அளப்பர். கடைசி இரண்டு பாத்திரங்களின் விடைகள் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. சூட்டில் கரைத்துக் குளிரவிடும் கே-லுசாக்கின் முதல் வழியே இது.

முறைகள் திருந்தியும் நூல்கள் திருந்தவில்லை. 2001இல் அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் பொன்டொலிலோ, ஈகன்ஹவுஸ் இருவரும் 1944 முதல் வெளிவந்த சுமார் 700 வெளியீடுகளைப் புரட்டி, டி.டி.டி.க்கும் அதன் சிதைவுப் பொருளான டி.டி.இ.க்கும் தரப்பட்ட கரைதிறன்களைத் தொகுத்தனர். நீரிலும் எண்ணெய் போன்ற கரைப்பானிலும் அவை பிரிந்து கரையும் விகிதத்தையும் உடன் தொகுத்தனர். மூல அளவீடுகள் நூறு மடங்கு முதல் பத்தாயிரம் மடங்கு வரை வேறுபட்டன. கையேடுகளோ ஒன்றைப் பார்த்து ஒன்று படியெடுத்திருந்தன. எண்ணும் மாறியது, யார் அளந்தது என்பதும் மாறியது. 1994 முதல் 1997 வரை வந்த தொகுப்புகளில் மூல அளவீடுகள் 6 முதல் 26 சதவீதம் மட்டுமே. ஐம்பது ஆண்டுகளில் ஐயப்பாடு குறைந்ததற்கான அறிகுறி அரிது என்று அவர்கள் எழுதினர்.

இத்தகைய படியெடுப்புக்கு மாற்றாகப் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 1979 முதலே கரைதிறன் தரவு வரிசை என்ற தொகுதிகளை வெளியிட்டு வருகிறது. முதல் தொகுதி ஹீலியமும் நியானும் பற்றியது. அதில் ஒவ்வொரு மூல ஆய்வுக்கும் தனித் தாள் உண்டு. அளந்த முறை, கருவி, பொருள் எங்கிருந்து பெறப்பட்டது, அதன் தூய்மை, பிழையின் மதிப்பீடு ஆகியவை அந்தத் தாளில் எண்ணின் பக்கத்திலேயே அச்சிடப்படுகின்றன.