உடலின் வேகமும் செயலியின் வேகமும்

காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த 1935ஆம் ஆண்டில், பிரான்ஸைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் தெரேஸ் ப்ரோஸ் கையோடு கொண்டுசெல்லத்தக்க ஈ.சி.ஜி. கருவியுடன் இந்தியா வந்து, யோகிகளின் நாடி, மூச்சு, இதயமின்னோட்டம் ஆகிய மூன்றையும் ஒரே வேளையில் பதிவுசெய்தார். அவர் சோதித்தவர்களுள் மைசூரில் யோகம் பயிற்றுவித்துவந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியாரும் ஒருவர். ஒருவர் தம் இதயத்தை விருப்பப்படி ஏறக்குறைய அடக்கிவிட முடியும் என்று அப்பதிவுகளிலிருந்து கொள்ளப்பட்ட கருத்தை, வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகியோர் இந்தியாவில் நடத்தி 1961இல் வெளியிட்ட ஆய்வு ஏற்கவில்லை: மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைந்து நாடி மங்குகிறதேயன்றி, இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது என்று அவர்கள் கண்டனர்.

இந்த ஆய்வுகளிலெல்லாம் பதிவுத்தாளைப் படித்தவர் ஆய்வாளரே. அளவீட்டை அந்தக் கணமே ஒலியாகவோ ஒளியாகவோ சோதிக்கப்படுபவருக்கே திருப்பித் தந்து, அதைக்கொண்டு அவர் தம் உடலை நெறிப்படுத்தப் பழக்குவதே பயோஃபீட்பேக் எனப்படும் உயிரியல் பின்னூட்டம். அமெரிக்காவில் ஜோ கமியா மூளையின் ஆல்ஃபா அலைகளைக் கொண்டு நடத்திய சோதனைகளுக்குப் பின், 1969இல் இத்துறைக்கென அங்கு ஓர் ஆய்வுச் சங்கமே அமைந்தது.

கணினி இத்துறைக்குள் வந்தபோது இடர்ப்பாடு தரவின் அளவில் இருக்கவில்லை. எட்டுத் தடங்களில் வினாடிக்கு 256 முறை, ஒவ்வொன்றும் இரண்டு பைட்டாகப் பதிந்தாலும் சேர்வது வினாடிக்கு 4,096 பைட்தான். கடினம், அலைகளை அதிர்வெண்வாரியாகப் பிரிக்கும் கணக்கில் இருந்தது. 256 புள்ளிகளை நேரடியாகப் பிரித்தால் 65,536 பெருக்கல்கள் வேண்டும். கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்ட விரைவு முறையில் ஏறத்தாழ 1,024 போதும். அவையும் பின்ன எண் பெருக்கல்கள் என்பதால், 1978இல் வந்த இன்டெல் 8086 செயலியால் அவற்றை மென்பொருள் வழியே மெதுவாகத்தான் செய்ய முடிந்தது. 1980இல் வந்த 8087 என்னும் துணைச் சில்லு அச்சுமையைத் தாங்கியது, 1989இல் 486 அதைத் தன்னுள்ளேயே கொண்டுவந்தது. செயலித் தேர்வு மெய்யாகவே முடிவை மாற்றிய காலம் அந்தப் பத்தாண்டுதான் எனலாம்.

அதன்பின் வேகம் எவ்வளவு கூடியும் பின்னூட்டத்தின் தாமதம் அதற்கேற்பக் குறையவில்லை. வினாடிக்கு 8 முதல் 13 முறை எழும் ஆல்ஃபா அலையை அடையாளங்காணச் சில சுற்றுகளாவது காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஆறு முறை மூச்சுவிடும் பயிற்சியில் ஒரு சுற்றே பத்து வினாடி. எந்தச் செயலியும் உடலை அவசரப்படுத்தாது, விலையுயர்ந்ததும் கூட.

அன்று பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த காரைக்காலில் இன்று, 2010இல் தொடங்கிய புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் திருவேட்டக்குடியிலும், 2016 முதல் ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் கிளையும் உள்ளன. இத்தகைய இடங்களில் உயிரியல் பின்னூட்டப் பணிக்குக் கணினி வாங்குவோர் நடுத்தரச் செயலியோடு நின்றுகொள்வதில் தவறில்லை. ஆனால் மென்பொருளும் கருவியும் அதனோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். பழைய 16 பிட் மென்பொருள் 64 பிட் விண்டோஸில் ஓடாது, இன்டெல், ஏ.எம்.டி. வகைச் செயலிகளுக்கென எழுதப்பட்ட உணரிக் கருவியின் டிரைவர், ஆர்ம் செயலியுள்ள மடிக்கணினியில் ஏற்றப்படாது.