குளமும் மகிழும்: இலஞ்சியின் பெயர்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, சிற்றாற்றுப் பாசனத்தில் கிடக்கிறது இலஞ்சி. அந்தச் சொல்லுக்குத் தமிழில் குளம் என்று ஒரு பொருள். மகிழமரம் என்று இன்னொன்று.

முதல் பொருள் பழையது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரின் ஐந்து மன்றங்களில் ஒன்று இலஞ்சி மன்றம். அங்கிருந்த பொய்கையில் மூழ்கினால் உடற்குறைகளும் நோய்களும் நீங்கும் என்பது நம்பிக்கை.

மரத்தின் கதை கடல் கடந்தது. மலையாளத்திலும் மகிழுக்கு இலஞ்ஞி என்றே பெயர். டச்சுக்காரர்களின் கொச்சியில் ஆளுநராக இருந்த வான் ரீடு, மலபார்ச் செடிகளைப் பற்றித் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' நூலின் முதல் தொகுதி 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் இம்மரம் 'எலெங்கி' ஆயிற்று. 1753இல் லின்னேயஸ் சூட்டிய அறிவியல் பெயர் 'மிமுசோப்ஸ் எலெங்கி'. இனப்பெயரின் பின்பாதிக்குப் பெரும்பாலும் இலத்தீன் பெயரடையைத் தேடுபவர், இங்கே மலையாளச் சொல்லையே எடுத்துக்கொண்டார். நல்ல வேளை!

ஊருக்குப் பெயர் தந்தது குளமா, மரமா? அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய இலஞ்சிக் குமாரர் கோயிலின் தலமரம் மகிழ்; பக்தர்களின் வாக்கு அதற்கே. ஆனால் சுற்றிலும் வயலும் நீருமாக இருக்கும் ஊர் இது. குளத்தின் பக்கமே நியாயம் கூடுதல்.