சிவகாசி தொழில் மாறிய கதை

சிவகாசி வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் விவசாயம் இல்லை. மிஞ்சியது சில்லறை வியாபாரம். 1922ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றார்கள். அங்கே ஜப்பானியர் கொண்டுவந்திருந்த அந்தத் தொழிலை வங்காளிகளும் பழகியிருந்தனர். அதே ஆண்டில் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி உயர்ந்ததால் உள்ளூர்ச் சரக்குக்கு வழி பிறந்தது.

ஊர் திரும்பியவர்கள் ஜெர்மன் இயந்திரங்களை வரவழைத்தனர், அவை கட்டுப்படியாகவில்லை. பிறகு கைவேலைக்கு மாறினர். குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவது, மெழுகிலும் மருந்திலும் முக்குவது, பெட்டி ஒட்டுவது என்று வேலை துண்டு துண்டாகப் பிரிந்தது. எழுத்தறியாதவரும் சில நாளில் கற்கக்கூடிய வேலை அது. 1923ல் தொடங்கிய ஸ்வீடன் முதலீட்டுத் தீப்பெட்டி நிறுவனமான விம்கோவின் இயந்திரங்களுக்கு எதிரே இந்தச் சிறு பட்டறைகள் தாக்குப்பிடித்ததற்கு மலிவான கூலியே முதல் காரணம். அந்த மலிவில் குழந்தைகளின் உழைப்பும் கலந்திருந்ததை மறைக்க முடியாது. 1996ல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது.

கூட்டாளிகள் இருவரும் பின்னர் பிரிந்தனர்: ஒருவர் அணில் மார்க், மற்றவர் காக்கா மார்க். தீக்குச்சி மருந்தைக் கையாண்ட பழக்கம் பட்டாசுக்கு வழிகாட்டியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் வளர்ந்தது. நாட்காட்டியும் வாழ்த்து அட்டையும் அதன் தொடர்ச்சியாக வந்தவை.