குறுக்கு விசாரணை

'குறுகு' என்பதோடு உறவுடைய சொல் குறுக்கு. இலங்கையின் ஊவாத் தோட்டங்களில் அது தேயிலைச் சரிவில் ஏறும் குறுக்குப்பாதை. கொழுந்துக்கூடை சுமப்பவருக்குக் குறுக்குவலி. நீதிமன்றத்தில், எதிர்த்தரப்புச் சாட்சியத்தை ஊடறுத்துக் கேட்பது. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்ததுதான், ஆனாலும் கச்சிதம்.

இலங்கையின் 1895ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டப்படி சாட்சியை அழைத்தவர் முதலில் கேட்பார். அடுத்தது குறுக்கு விசாரணை. பிறகு, வேண்டுமானால், மீள் விசாரணை. 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்கச் சட்டம் குறுக்கு விசாரணையை 'எதிரி'யின் உரிமையாகவே வைக்கிறது. (இங்கு நீதிமன்றத் தமிழில் எதிரி பகைவரல்லர், குற்றஞ்சாட்டப்பட்டவர்!) பதுளையில் சாட்சி சிங்களத்தில் பேச, எதிரிக்குத் தமிழ் மட்டுமே தெரியுமானால், உரைபெயர்ப்பாளர் இல்லாமல் இவ்வுரிமை வெறும் ஏடு. அந்த உதவியையும் தரச்சொல்கிறது அதே சட்டம்.